பார்த்தியா அக்கா

அந்த அக்காகிட்ட போய் மழை பெய்யுதுன்னு சொன்னாக்கூட, கையை வெளியே நீட்டி நனைச்சுப் பார்த்துட்டுத்தான் ஆமாம்னு சொல்லும். யாரு வந்து எந்தச் சேதி சொன்னாலும் அது வாயிலேருந்து மொதல்ல வர்றது ஒரே கேள்விதான்.

"நீ கண்ணால பார்த்தியா?"

"இல்லக்கா, சொல்லிக்கினாங்க"ன்னா போச்சு. மூக்கு மேல உட்கார்ந்த ஈயை ஓட்டற மாதிரி கையை ஒரு உதறு உதறும். அதோட அந்தச் சேதிக்கு அங்க மரியாதை இல்ல. ஆரம்பாக்கத்துலேருந்து ஏரிக்கரை வரைக்கும் அதுக்குப் பேரே பார்த்தியா அக்காதான். நெஜப் பேரு எனக்குத் தெரியும். எழுதினா, "நான் உயிரோட இருக்கறதை நீ எழுதித்தான் ஊரு தெரிஞ்சுக்கணுமா?"ன்னு சண்டைக்கு வரும். எதுக்கு வம்பு.

நான் தேர்வாய் கண்டிகையில ஒரு கம்பெனியில மிஷின் ஓட்டறவன். எங்க அப்பா காலம் வரைக்கும் அடுத்தவன் கழனியில சேத்துல நின்ன குடும்பம். நான்தான் மொதல்ல ஷூ போட்டு, கழுத்துல அட்டை மாட்டி, கம்பெனி பஸ்ல ஜன்னலோரம் உட்கார்ந்து போனவன். லாக்டவுன் போட்ட அன்னிக்கு அந்த பஸ் வரல. மறுநாளும் ஷூவெல்லாம் போட்டுக்கினு ரோட்டோரம் போய் நின்னேன், பைத்தியக்காரன் மாதிரி. ரெண்டு வாரம் பார்த்துட்டு என் பொண்டாட்டி சொன்னா, "ஷூவை எடுத்து பரண்ல போடு, வேற வேலை பாரு." எங்க மாமா ஒருத்தர் சொல்லி அனுப்பித்தான் அக்காவோட இறால் குட்டைக்குப் போய் நின்னேன்.

"நான் நல்லா வேலை செய்வேன்கா. மாமா சொல்லியிருப்பாரே?"

"உங்க மாமா நீ வேலை செஞ்சு பார்த்திருக்காரா?"

உங்ககிட்ட எதுக்குப் பொய், எங்க மாமா நான் தூங்கித்தான் பார்த்திருக்காரு.

"சரி நைனா, அந்த ட்ரேயைத் தூக்கு, நான் பார்த்துக்கறேன்"னுச்சு. அதுதான் இன்டர்வியூ.

அக்காவுக்கு இருந்தது ஒரே ஒரு குட்டை. உப்பேறிப் போய் நெல்லு வெளையாத நிலத்தை ஆரம்பாக்கத்துக்காரர் ஒருத்தர்கிட்ட குத்தகைக்கு எடுத்து, கரை போட்டு, பக்கத்து உப்பு ஏரித் தண்ணி விட்டு வெனாமி இறால் வளர்த்துக்கினு இருந்துச்சு. தண்ணியைச் சுழட்டி அடிக்கிற ஏரேட்டர் ரெண்டு, கரை மேல ஒரு ஷெட்டு, ஒரு ஸ்டவ்வு, அவ்ளோதான் அதோட ராஜ்ஜியம். போன தடவை நோய் வந்து பாதிக்கு மேல செத்துப்போச்சு. நிலத்துக்காரர் அப்பவே சொல்லிட்டாரு, இந்த தடவையும் போச்சுன்னா இடத்தை குடோன் கட்டறவங்களுக்குக் குடுத்துடுவேன்னு. கும்மிடிப்பூண்டிப் பக்கம் குடோனுக்கு இடம் கேட்டு அலையற ஆளுங்களுக்குக் குறைச்சலா?

"குட்டை போச்சுன்னா எங்க அண்ணன் ஊட்டு சமையக்கட்டுல போய் நிக்கணும். எங்க அண்ணி சாம்பாரு எறக்கற வரைக்கும் கரண்டி புடிச்சுக்கினு. அதுக்கு நான் இந்த தண்ணியிலயே மெதப்பேன்"னு ஒரு தடவை சொல்லிச்சு. சிரிச்சுக்கினேதான் சொல்லிச்சு, ஆனா ஏரேட்டரை விட்டுக் கண்ணை எடுக்கல.

ட்ரேன்னு சொன்னேனே, அது நாலு மூலைக் கயிறு கட்டின வலைத் தட்டு. அதுல ஒரு கைப்பிடி தீவனம் போட்டு தண்ணிக்குள்ள எறக்கிடணும். ரெண்டு மணி நேரம் கழிச்சு தூக்கிப் பார்த்தா இறால் துன்னுச்சா இல்லையான்னு தெரியும். எல்லாப் பண்ணையிலயும் செய்யறதுதான். ஆனா அக்கா அதோட விடாது. தட்டுல துள்ளற இறால் ஒண்ணை எடுத்து சூரியனுக்கு நேரா தூக்கிப் புடிக்கும். கண்ணாடி மாதிரி உடம்புக்குள்ள வயித்துலேருந்து வாலு வரைக்கும் ஒரு கோடு ஓடும். கோடு அறுபடாம இருந்தா வயிறு ரொம்பியிருக்கு. விட்டு விட்டு இருந்தா பட்டினி.

"தட்டு காலியா இருக்கு, எல்லாம் துன்னுட்டுச்சுக்கா"ன்னு நான் சொன்னா, "தட்டு காலின்னா இறால் துன்னுச்சுன்னு அர்த்தமா? நண்டு துன்னிருக்கும். வயித்தைப் பாரு"ங்கும்.

எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஒரு ஆச்சரியம். ஒரு மனுஷி எப்படி இப்படி ஆவும்? ஊர்ல விசாரிச்சேன், விட்டேனா. மூணு கதை கெடைச்சுது. புருஷன் செத்துட்டான்னு தந்தி வந்து, தாலியை அறுத்த அப்புறம் அந்தாளு உயிரோட வந்து நின்னான்னு ஒண்ணு. மாப்பிள்ளைக்கு ரயில்வே வேலைன்னு சொல்லிக் கட்டி வச்சுட்டாங்கன்னு ஒண்ணு. சின்ன வயசுல கண்ணு தெரியாம ஒரு வருஷம் கெடந்துச்சு, பார்வை வந்த அப்புறம்தான் இப்படின்னு ஒண்ணு. மூணையும் தகிரியமா அதுகிட்டயே போய்க் கேட்டேன். மூணுக்கும் ஒரே பதில்தான், உங்களுக்கே தெரியும்.

லாக்டவுன் நேரத்துல இப்படி ஒரு ஆளு கூட இருந்தது பெரிய நிம்மதி. அப்ப ஊர்ல காத்தை விட வேகமா பொய் ஓடிச்சு. இறால் துன்னா கொரோனா வருதாம். மீன் வாங்கறவங்களை போலீஸ் புடிக்குதாம். இறாலை உரிச்சு வெளிநாட்டுக்கு அனுப்பற கம்பெனிக்காரங்க இறாலே வேணாம்னு கேட்டைப் பூட்டிட்டாங்களாம், இனிமே ரெண்டு வருஷத்துக்குத் தெறக்க மாட்டாங்களாம். பக்கத்துக் குட்டைக்காரர் நல்ல மனுஷன், ஆனா போன்ல யாரு என்ன அனுப்பினாலும் கேட்டுட்டு பேஜாரா ஓடி வருவாரு. அன்னிக்கும் ஓடி வந்தாரு.

"அம்மா, நாளையோட எல்லாம் க்ளோஸாம். நான் இன்னிக்கே வலையைப் போட்டுடறேன்."

"கேட்டைப் பூட்டினதை நீ பார்த்தியா?"

"வாய்ஸ் மெசேஜ் வந்துருக்கும்மா!"

"வாய்ஸுக்குக் கண்ணு இருக்குதா?"

அவரு கேக்கல. அன்னிக்கே புடிச்சாரு. சுண்டு விரல் அளவு இறால், ஒரு கிலோ நிறுத்தா நூறு இறாலுக்கு மேல நிக்கும். அதே இறால் இன்னும் ஒன்றரை மாசம் தண்ணியில கெடந்தா கிலோவுக்கு நாப்பதுதான் நிக்கும், அந்த அளவுக்குத்தான் வெலையே. அவரைப் பார்த்து அடுத்த குட்டை, அதைப் பார்த்து அடுத்தது. எல்லாரும் ஒரே நேரத்துல புடிச்சா யாரு நல்ல வெலை குடுப்பான்? ஐஸும் பத்தல. கூடை கூடையா கரையிலயே நாறிச்சு. அந்த மனுஷன் கரை மேல குந்திக்கினு தலையில கை வச்சுக்கினாரு. அக்கா ஒரு சொம்பு மோரு கொண்டு போய் அவர் பக்கத்துல வச்சுட்டு வந்துச்சு.

இங்க வரைக்கும் படிச்சா அக்கா பெரிய புத்திசாலின்னு தோணும். அதான் இல்ல. பொய்யை நம்பாதவங்க நெஜத்தையும் நம்ப மாட்டாங்க, அதுதான் அந்தக் குணத்தோட வில்லங்கம்.

ஒரு நாளு மீன்வளத்துறையிலேருந்து ஒரு பொண்ணு ஸ்கூட்டியில வந்துச்சு. சின்ன வயசு, மூஞ்சி பாதி மாஸ்க்கு, மீதி வேர்வை. பாவம், வேகாத வெயில்ல குட்டை குட்டையா போய்க்கினு இருந்துச்சு.

"அக்கா, கவர்மென்ட்ல ஆர்டர் போட்டுட்டாங்க. மீன், இறால், தீவனம், குஞ்சு, ஐஸு, எதையும் ரோட்டுல நிறுத்தக் கூடாது. வண்டிக்கு பாஸ் தர்றோம். உங்க தீவன லாரி ஸ்டேட் பார்டரைத் தாண்டி வரலாம்."

அக்கா அதை மேலயும் கீழயும் பார்த்துச்சு. "மாஸ்க்கை எறக்கு. மூஞ்சியைப் பார்க்காம நான் இன்னாத்தை நம்பறது?"

அந்தப் பொண்ணு என்னைப் பார்த்துச்சு. நான் வானத்தைப் பார்த்தேன். அப்புறம் பத்தடி தள்ளிப் போய் நின்னு, மாஸ்க்கை எறக்கி, மூஞ்சியைக் காட்டிட்டு மறுபடியும் மாட்டிக்கிச்சு. எனக்கு சிரிப்பு தாங்கல.

"சரி. பாஸு காட்டி ஒரு லாரி தாண்டினதை நீ பார்த்தியா?"

"இல்லக்கா. நான் ஆர்டரைத்தான் பார்த்தேன்."

நான் நெனைச்சேன், அவ்ளோதான், கையை உதறப் போவுதுன்னு. உதறல. "பார்க்காததைப் பார்க்கலன்னு சொல்லுதே, நல்ல பொண்ணு. உட்காரு, நாஷ்டா துன்னுட்டுப் போ"ன்னுச்சு. நம்பிச்சான்னு கேட்டா, நம்பல. ஆனா இட்லி குடுத்துச்சு.

அதே பொண்ணு மறுவாரம் நிவாரண லிஸ்ட்டோட வந்துச்சு. படகு வச்சிருக்கறவங்க, வலை வச்சிருக்கறவங்க, சங்கத்துல இருக்கறவங்க பேரெல்லாம் அதுல இருந்துச்சு. ஏரியில முட்டி ஆழத்துல தவழ்ந்து, சேத்துக்குள்ள கையை விட்டுத் தடவி இறால் புடிக்கிற பொம்பளைங்க இருக்காங்களே, அவங்க பேரு ஒண்ணுகூட இல்ல. படகு கெடையாது, வலை கெடையாது, கையி மட்டும்தான். கையிக்கு ஏது லைசென்ஸு?

அக்கா லிஸ்ட்டை வாங்கவேயில்ல. அந்தப் பொண்ணு முழங்கையைப் புடிச்சு, "வா, பாரு. பார்த்துட்டு எழுது"ன்னு ஏரிப் பக்கம் இழுத்துக்கினு போச்சு. மூணடி இடைவெளி, ஆறடி இடைவெளி எல்லாம் அன்னிக்குப் பறந்துச்சு. அந்தப் பொண்ணும் சளைச்சது இல்ல. செருப்பைக் கரையில விட்டு, சுடிதாரைத் தூக்கிச் சொருகிக்கினு சேத்துல எறங்கிச்சு. தண்ணியில இருந்த ஒவ்வொரு பொம்பளையும் தலையைத் தூக்கிப் பேரு சொல்ல, நின்னுக்கினே எழுதிச்சு. எல்லாருக்கும் நிவாரணம் கெடைச்சுதான்னு கேட்டா, நாலு பேரு வாங்கினதை நான் பார்த்தேன். மத்தவங்களைப் பத்தி எனக்குத் தெரியாது. பாருங்க, எனக்கும் அந்த நோய் தொத்திக்கிச்சு.

இப்ப பெரிய விஷயத்துக்கு வர்றேன்.

தீவனம் தீர்ந்துக்கினே வந்துச்சு. நாலு நாளைக்குத்தான் மூட்டை இருந்துச்சு. அக்கா பாதிப் பாதியா போட ஆரம்பிச்சுது. சூரியனுக்கு நேரா தூக்கிப் பார்த்தா இறால் வயித்துல கோடு விட்டு விட்டு தெரியுது. இன்னும் ரெண்டு நாளு போனா ஒண்ணை ஒண்ணு கடிச்சுத் துன்னும். எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த தீவனக் கடைக்காரர் போன்ல கத்தறாரு, "பாஸ் வாங்கிட்டேன், லோடு ஏத்தட்டுமா, சொல்லும்மா." அக்கா "லாரி தாண்டினதைப் பார்த்தியா?"ங்குது. அந்தப் பக்கம் லாரியில கிளீனரா இருக்கற என் ஸ்கூல் ஃப்ரெண்டு எனக்கே போன் பண்ணான், "விடறாங்கடா மச்சான், நானே தாண்டினேன்"னு. அக்காகிட்ட சொன்னேன். "அவன் பார்த்தான். நீ பார்த்தியா?"

இன்னொரு பக்கம் இறால் வாங்கற ஏஜெண்டு. "நாளைக்கு மத்தியானம் வலை ஆளுங்களோட வர்றேன். புடிக்கிறியா, இல்லியா, அப்பவே சொல்லிடு. அதுக்கப்புறம் நான் இந்தப் பக்கமே வர மாட்டேன்"னுட்டான். புடிச்சா, சுண்டு விரல் இறால், அடிமாட்டு வெலை, குட்டை குடோனுக்கு. புடிக்காம இருந்து தீவனமும் வரலன்னா, அத்தனையும் தண்ணியிலயே போவும், அப்பவும் குட்டை குடோனுக்கு. தீவனம் வரும்னு நம்பினாத்தான் தப்பிக்கலாம். நம்பறதுதான் அந்த ஜென்மத்துக்கே வராதே!

எனக்கு அன்னிக்குத் தூக்கம் புடிக்கல. எரிச்சலான எரிச்சல். சரி, இந்தக்காவுக்காக நானே போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்னு காலையில சைக்கிளை எடுத்தேன். பண்ணையில எட்டிப் பார்த்தேன், அக்காவைக் காணல. நேரா ரோட்டுக்குப் போனேன். செக்போஸ்ட்டுக்கு இன்னும் பாதி தூரம் இருக்கு, முக்குல மடக்கிட்டாங்க. "எங்கடா போற?" "செக்போஸ்ட்டு சார்." "இன்னா வேலை?" "பார்க்கணும் சார்." நெஜத்தைத்தான் சொன்னேன்! கெண்டைக்கால்ல பளார்னு லத்தி எறங்குச்சு. சைக்கிளைத் திருப்பறதுக்குள்ள இன்னொண்ணு.

நொண்டிக்கினே திரும்பி வந்தேன். ஷெட்டு வாசல்ல ஒரு புல்லுக்கட்டு கெடந்துச்சு. அக்காகிட்ட மாடு இல்ல, ஆடு இல்ல. இது எதுக்குன்னு ஒரு செகண்டு தோணுச்சு, அதுக்கு மேல யோசிக்கல. ஏன்னா ஏஜெண்டு வண்டி அப்பதான் கரையேறி வந்து நிக்குது. வலை ஆளுங்க எறங்கறாங்க. அக்கா இடுப்புல கை வச்சுக்கினு நிக்குது.

மடிச்சு விட்டிருந்த பேண்ட்டை எறக்கி விட்டுக்கினு ஓடினேன்.

"அக்கா! பார்த்தேன்கா! லாரி தாண்டிச்சு! பாஸு காட்டினாங்க, விட்டுட்டாங்க!"

"கண்ணால பார்த்தியா?"

"கண்ணால பார்த்தேன்."

"எத்தினி லாரி?"

"ரெ... ரெண்டு."

"பாஸை எங்க ஒட்டியிருந்தாங்க?"

அட சாமி. "முன்னாடி கண்ணாடியிலக்கா. இடது பக்கம்."

அக்கா என்னைப் பார்த்துச்சு. சூரியனுக்கு நேரா தூக்கிப் புடிச்ச இறால் மாதிரி ஆயிட்டேன் நான். உள்ள இருக்கறதெல்லாம் தெரியுதோன்னு தோணுச்சு. நான் சொன்ன பொய்யால இந்த மனுஷிக்கு இருக்கற ஒரே குட்டையும் போச்சுன்னா இந்த மூஞ்சியை எங்க கொண்டு போய் வச்சுக்கறதுன்னு நெனைக்கறப்பவே, அக்கா ஏஜெண்டு பக்கம் திரும்பிச்சு.

"நீ கெளம்பு நைனா. நான் புடிக்கல."

அவன் போனதும் தீவனக் கடைக்காரருக்கு போன் போட்டு லோடு ஏத்தச் சொல்லிச்சு. அடுத்த மூணு நாளு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். லாரி சத்தம் கேட்டாலே எழுந்து ஓடுவேன். மூணாம் நாளு மத்தியானம் தீவன லாரி வந்துச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. மூட்டை எறக்கப் போனப்பதான் முன்னாடி கண்ணாடியைப் பார்த்தேன். பாஸு வலது பக்கம் ஒட்டியிருந்துச்சு, டிரைவர் தலைக்கு நேரா. திரும்பினா அக்காவும் அங்கதான் பார்த்துக்கினு நிக்குது. "மூட்டையை ஈரத்துல வைக்காதே"ன்னுச்சு, அவ்ளோதான்.

ஒன்றரை மாசம் கழிச்சு கிலோவுக்கு நாப்பது நிக்கிற இறால் புடிச்சோம். கம்பெனியில உரிக்கிற பொம்பளைங்க பஸ் இல்லாம பாதிப் பேருதான் வந்தாங்களாம், ஆனா கேட்டு தெறந்துதான் இருந்துச்சு. அதையும் அக்கா நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்த அப்புறம்தான் வலையே எறங்கிச்சு. நிலத்துக்காரர் குடோன் பேச்சை விட்டாரு. எனக்குக் கம்பெனி பஸ் வந்துச்சு, பரண்லேருந்து ஷூவை எறக்கினேன்.

அதுக்கப்புறம் கேன்டீன்ல எத்தினி தடவை சொல்லியிருப்பேன்! அந்தப் பொம்பளை வாழ்க்கையில பார்க்காம நம்பின ஒரே ஆளு நான்தாண்டான்னு. பெருமை ஒரு பக்கம், உள்ள முள்ளு ஒரு பக்கம்.

போன வருஷம் அக்கா எல்லைக்கு அந்தப் பக்கம் ரெண்டு குட்டை எடுத்துச்சு. பெரிய குட்டைங்க. நாலு தடவை நேர்ல போய்ப் பார்த்துட்டுத்தான் எடுத்துச்சாம். சாமான் ஏத்தற அன்னிக்கு நானும் போனேன். ஏரேட்டர் ரெண்டையும் மினி லாரியில ஏத்திக் கயிறு கட்டும்போது மனசு கேக்கல, சொல்லிட்டேன்.

"அக்கா, அன்னிக்கு செக்போஸ்ட்டுல நான் எதையும் பார்க்கல. பொய் சொன்னேன்."

"தெரியும்."

"எப்படி?"

"அன்னிக்கு விடியகாலமே நான்தான் அங்க நின்னுக்கினு இருந்தேனே. புல்லுக்கட்டைத் தலையில வச்சுக்கினு போற பொம்பளையை எந்தப் போலீஸு கேப்பான்? மூணு லாரி தாண்டிச்சு. மூணுலயும் பாஸு வலது பக்கம்."

இத்தினி வருஷமா கேன்டீன்ல அளந்ததெல்லாம் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு.

"அப்ப நான் சொல்லலன்னாலும் ஏஜெண்டை அனுப்பியிருப்பியா?"

"அவன் வண்டியை விட்டு எறங்கும்போதே அனுப்பியிருப்பேன். அதுக்குள்ள நீ ஓடியாந்தே."

"பொய்யின்னு தெரிஞ்சும் ஏன்கா திட்டல?"

அக்கா கயித்தை இழுத்து முடிச்சு போட்டுச்சு. ஒரு தடவை ஆட்டிப் பார்த்துச்சு, இறுக்கமா இருக்குதான்னு.

"அன்னிக்கு ஏஜெண்டு போன அப்புறம் நீ ட்ரே தூக்கத் தண்ணியில எறங்கினே. பேண்ட்டை மடிச்சே. கெண்டைக்கால்ல ரெண்டு லத்தி அடி, ரத்தம் கட்டிக் கெடந்துச்சு. எனக்காக ஒருத்தன் அடி வாங்கிக்கினு வந்து, அதை மறைச்சுக்கினு பொய் சொல்லுவான்னு யாராச்சும் வந்து சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனா நைனா? கண்ணால பார்த்தேன்."

சொல்லிட்டு டிரைவர் பக்கத்துல ஏறி உட்கார்ந்துச்சு. வண்டி கெளம்பிப் போச்சு.

ஊட்டுக்கு வந்ததும் என் பொண்டாட்டி கேட்டா, "போவும்போது அந்தக்கா அழுதுச்சா?"

ஆமாம்னு சொல்லலாம். கொரல் அப்படித்தான் இருந்துச்சு. ஆனா மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிச்சு, நான் பார்க்கல.